பதிவேட்டில் பெயரேறிய வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பத்தாண்டுக்கு ஒரு முறை மக்கள்தொகையைக் கணக்கெடுக்க வேண்டும் என்பது அந்நாட்டு அரசியலமைப்பின் விதி. பிரதிநிதிகள் சபையின் இடங்களை மாநிலங்களுக்குப் பங்கிடுவதற்காக ஏற்பட்ட அவ்விதியின்படி 1790 முதல் எழுதப்பட்ட பதிவேடுகளையே, பத்தொன்பதாம் நூற்றாண்டு முன்னோர் ஒருவரின் வழியைத் தேடுவோர் முதலில் நாடுகின்றனர். ஆயினும் தலைகளை எண்ணுவதற்கென்று எழுதிய ஏட்டில் பாட்டன் பாட்டியைப் பற்றிய செய்தி அகப்படுவது தற்செயலே. 1840 வரையிலான ஆறு கணக்கெடுப்புகளிலும் குடும்பத் தலைவரின் பெயர் மட்டும் எழுதப்பட, மனைவி மக்கள் வயதுவாரியான கட்டங்களில் வெறும் எண்ணிக்கையாக அடங்கிவிட்டனர். 1850 இல்தான் அடிமையல்லாத ஒவ்வொருவரின் பெயரும், வயதும் பிறந்த இடமும் சேர்த்து, பதிவாயிற்று. குடும்பத் தலைவருக்கு இன்னார் இன்ன உறவு எனக் குறிக்கும் பத்தியோ 1880 வரை இல்லாமையால், அதற்கு முந்தைய ஏடுகளில் ஒரே வீட்டிலுள்ள பெண் மனைவியா, தங்கையா, இரண்டாம் தாரமா என்பதை வேறு சான்று கொண்டே முடிவுசெய்ய வேண்டியுள்ளது.

1890 ஆம் ஆண்டுக் கணக்கு ஏறத்தாழ முழுவதும் அழிந்துபோயிற்று. 1921 சனவரியில் வாஷிங்டனில் வணிகத்துறைக் கட்டடத்தில் பற்றிய தீயிலும், அதை அணைக்கப் பாய்ச்சிய நீரிலும் சிதைந்த அந்த ஏடுகளில் எஞ்சியவையும் பின்னர் அரசாணையால் அழிக்கப்பட்டன. சுமார் 6 கோடியே 30 லட்சம் பேரைக் குறித்த கணக்கில் இன்று கிடைப்பவை 6,000 பெயர்களுக்குச் சற்று மிகுதி.

அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்களுக்கு இந்த இழப்பைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. 1850, 1860 ஆகிய இரு கணக்கெடுப்புகளிலும் அவர்களுக்கெனத் தனி அட்டவணை இருந்தது. அதில் உடைமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் ஆகியவை வரிவரியாக எழுதப்பட்டனவேயன்றி, மிகச் சில இடங்கள் தவிர, ஆளின் பெயர் எழுதப்படவில்லை. 1860 இல் இவ்வாறு கணக்கிடப்பட்டோர் ஏறத்தாழ 40 லட்சம் பேர். உள்நாட்டுப் போருக்குப் பின்னர், 1870 இல்தான் அவர்களுட் பெரும்பாலோர் முதன்முறையாகப் பெயருடன் பதிவேறினர்.

அத்தடையைத் தாண்ட உதவும் ஆவணங்களுள் தலையாயது போர்வீரர் ஓய்வூதியக் கோப்பு. போரில் உயிரிழந்த வீரரின் கைம்பெண்ணுக்கு 1862 ஆம் ஆண்டுச் சட்டம் ஓய்வூதியம் வழங்கியது. ஆனால் திருமணம் நடந்ததையும் பிள்ளைகள் பிறந்த நாளையும் அவள் மெய்ப்பிக்க வேண்டும். பிறப்பு, திருமணப் பதிவு ஒழுங்காக நடைபெறாத அக்காலத்தில், வீட்டு விவிலியத்தில் பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் இடையே குடும்ப நிகழ்வுகளை எழுதிவைத்திருந்த தாளையே கிழித்துச் சான்றாக அனுப்பியோர் உண்டு. அத்தாள்கள் இன்றும் தேசிய ஆவணக்காப்பகக் கோப்புகளில் உள்ளன. அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்காததால் கறுப்பினக் கைம்பெண்ணிடம் அத்தகைய சான்றும் இல்லை. எனவே 1864 இல் சாட்சிகளின் சொல்லை ஏற்கச் சட்டம் இடமளிக்க, உடன் வேலைசெய்தோரும் மருத்துவச்சியும் பழைய எசமானின் உறவினரும் கூடச் சாட்சியளித்தனர். ஐயம் எழுந்தபோது ஓய்வூதியத் துறையின் சிறப்பு ஆய்வாளர் ஊருக்கே வந்து, அவள் யாருடைய அடிமையாக இருந்தாள், எங்கே விற்கப்பட்டாள், மணவினையை நடத்தியவர் யார் என்றெல்லாம் கேட்டு வாக்குமூலத்தை எழுதிக்கொண்டார். ஏழைப் பெண்ணை நம்ப மறுத்த அரசின் இச்சந்தேகமே, வேறெந்த அலுவலகமும் எழுதாத ஒரு வாழ்க்கை வரலாற்றை எழுதவைத்தது எனலாம்.

அவ்வாக்குமூலத்திலிருந்து உடைமையாளரின் பெயர் தெரிந்துவிட்டால், தேடல் அவர் வாழ்ந்த மாவட்ட நீதிமன்றத்திற்கு நகர்கிறது. அவர் இறந்தபின் அங்கே பதிந்த சொத்துப் பட்டியலில், குதிரை, கலப்பை, பஞ்சு மூட்டை ஆகியவற்றோடு அடிமைகளின் முதற்பெயரும் அவரவர்க்கு மதிப்பிட்ட விலையும் எழுதப்பட்டிருப்பது வழக்கம். தாயும் கைக்குழந்தையும் ஒரே விலையில் சேர்த்து எழுதப்பட்ட வரிகளால் சில குடும்பங்களின் தாய்வழி மேலும் ஒரு தலைமுறை பின்னோக்கித் தெரியவருகிறது.