குறும்படகும் கரைவழியும்

கயாக் எனும் சிறுபடகை வாங்க எண்ணுவோர் முதலில் எழுப்பும் வினா அதன் நீளம் குறித்ததே. அமைதியான ஆற்றில் காலையில் இறங்கி மாலையில் கரையேற 9 அடிப் படகு போதுமா, 12 அடி வேண்டுமா என்பர். விடையை ஆற்றின் இயல்பில் தேடுவது வழக்கம். வரலாற்றை நோக்கினாலோ, படகின் நீளத்தைக் குறைத்ததில் ஆற்றைவிட ஆற்றுக்குச் செல்லும் வழிக்கே பெரும்பங்கு உண்டு என்பது புலனாகிறது. அதனை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

கயாக் வடதுருவக் கடலோரத்தில் பிறந்தது. கிரீன்லாந்து முதல் அலாஸ்கா வரை வாழ்ந்த இனுயிட் முதலிய மக்கள், கடலில் மிதந்துவந்த மரத்தால் சட்டகம் அமைத்து, கடல்நாய்த் தோலைப் போர்த்தி அதனைச் செய்தனர். அவர்களுக்கு அது வேட்டைக் கருவி. விரைந்து செல்லவேண்டியிருந்ததால் நீண்டும் மெலிந்தும் அமைந்தது. அளவுகோல் செலுத்துபவரின் உடலே. விரித்த இரு கைகளின் மும்மடங்கு நீளம் என்பதும், இடுப்பின் அகலத்தோடு இரு கைமுட்டிகள் கூட்டிய அளவில் இருக்கைத் துளை என்பதும் அவர்கள் கையாண்ட கணக்குகளுள் அடங்கும். ஒருவர் படகு மற்றவர்க்குப் பொருந்தாது.

இவ்வேட்டைப் படகை உல்லாசப் பயணத்திற்கு உரியதாக்கியவர்களுள் முதன்மையானவர் ஜான் மெக்ரெகர் என்னும் ஸ்காட்லாந்து வழக்கறிஞர். 1865-ஆம் ஆண்டு 'ராப் ராய்' என்ற தம் படகில் ரைன், தான்யூப் முதலான ஐரோப்பிய ஆறுகளில் தனியே உலாவந்து, மறு ஆண்டு அதனை நூலாக எழுதினார். கருவாலி மரத்தால் ஆன அப்படகின் நீளம் 15 அடி, அகலம் 28 அங்குலம், எடை 80 பவுண்டு, அதாவது சுமார் 36 கிலோ. நீளத்தை 15 அடியில் நிறுத்தியதற்கு அவர் கூறிய காரணம் நம்மை வியக்கவைக்கிறது: ஜெர்மானிய இரயில் பெட்டிக்குள் படகு அடங்கவேண்டும் என்பதே அது! நீளத்திற்கு வரம்பு விதித்தது இருப்புப்பாதை.

அவர் நூல் பலரைத் துடுப்பெடுக்க வைத்தது. பின்னாளில் 'புதையல் தீவு' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1876-இல் நண்பரொருவருடன் இத்தகைய படகுகளில் பெல்ஜியம், பிரான்சு நாடுகளின் நீர்வழிகளில் சென்றார். அவருடைய முதல் நூல் இப்பயணத்தைப் பற்றியதே. வழியில் வெள்ளம் பெருகியிருந்த உவாஸ் ஆற்றில், குறுக்கே வீழ்ந்துகிடந்த மரமொன்றில் சிக்கினார். படகு நழுவிப்போக, மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பினார். எளிய ஆறு என்பது ஆற்றின் நிலையான குணமன்று, அன்றைய நீரின் நிலை. படகின் நீளம் இதற்குக் காப்பாகாது.

குறும்படகின் உண்மையான நாயகர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ். 'நெஸ்மக்' என்னும் புனைபெயரில் எழுதியவர், தொழிலால் செருப்புத் தைப்பவர். சிறிய உடலினர். காசநோயும் அவரை வாட்டியது. நியூயார்க் மாநிலத்தின் அடிராண்டாக் மலைப்பகுதியில் ஏரிக்கு ஏரி படகைத் தோளில் சுமந்து செல்லவேண்டும். வசதியுடையோர் அதற்கென வழிகாட்டியைக் கூலிக்கு அமர்த்தினர். இவருக்கோ கூலி கொடுக்கப் பணமில்லை, சுமக்க வலிமையுமில்லை. எனவே, தம்மால் தூக்கக்கூடிய படகைச் செய்துதருமாறு ஜே. ஹென்றி ரஷ்டன் என்ற படகுத் தச்சரை நாடினார். 1880-இல் அமைந்த முதற்படகின் எடை 18 பவுண்டுக்கும் சற்றுக் குறைவு. 1883-இல் அமைந்த படகோ 9 அடி நீளமும் பத்தரைப் பவுண்டு எடையும் மட்டுமே உடையது, ஐந்து கிலோகூட இல்லை! அதற்கு 'சேரி காம்ப்' எனப் பெயரிட்டார். டிக்கன்சு படைத்த மதுப்பிரியையான செவிலியின் பெயர் அது. அவளைப் போலவே இதுவும் 'தண்ணீரைத் தொடாது' என்பது வேடிக்கை. இரட்டையலகுத் துடுப்புடன் அறுபது வயதைக் கடந்த அந்நோயாளி அதில் 266 மைல், அதாவது ஏறத்தாழ 428 கி.மீ. சுற்றிவந்தார். செல்வர்க்கு மட்டுமே திறந்திருந்த நீர்வழி, ஒரு படகின் எடை குறைந்ததனால் ஏழைக்கும் திறந்தது.

1905-இல் மியூனிக் நகர மாணவர் ஆல்ஃபிரட் ஹாய்ரிக் மடக்கிப் பையில் அடக்கும் கயாக்கை உருவாக்கினார். ரோசன்ஹைம் ஊர்த் தையற்கலைஞர் யோகான் கிளெப்பர் அதன் உரிமையைப் பெற்றுப் பரப்பினார். இதன் நோக்கமும் இரயிலேறுவதே. 1970-களில் வார்ப்பு நெகிழிப் படகுகள் வந்தபின் இரயில் பெட்டியின் இடத்தைக் காரின் கூரை பிடித்தது.

ஆயின் குறும்படகுக்குக் குறையே இல்லையா? உண்டு. நீரைத் தள்ளிச் செல்லும் படகு எளிதில் எட்டும் வேகம், அது நீரைத் தொடும் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 9 அடிக்கு மணிக்குச் சுமார் 7 கி.மீ., 16 அடிக்குச் சுமார் 10 கி.மீ. எனப் பொதுவாகக் கணக்கிடலாம். குறும்படகு வளைவில் எளிதில் திரும்பும். நேர்வழியிலோ ஒவ்வொரு துடுப்பு வீச்சுக்கும் மூக்கை ஆட்டும். அகன்ற ஏரிக்கும் எதிர்காற்றுக்கும் அது ஏற்றதன்று. நீரோட்டமே சுமந்துசெல்லும் சிற்றாற்றில், ஒருநாட் பயணத்திற்கு இக்குறை பெரிதன்று.

ஆகவே படகு தேர்வோர் மூன்றை ஆராய்தல் நலம். தம் உடலெடையும் உணவுமூட்டையும் அதன் தாங்குதிறனுக்குள் அடங்குகின்றனவா? அமர்ந்தால் இடுப்பும் முழங்காலும் இயல்பாகப் பொருந்துகின்றனவா? தனியொருவராய் அதனைத் தூக்கி நீர்க்கரை வரை நடக்க இயலுமா? முதலிரண்டும் இனுயிட் மக்கள் கற்பித்தவை, மூன்றாவது சியர்ஸ் கற்பித்தது. நெகிழியாலான பத்தடிப் படகு இருபது கிலோ அளவில் இருக்கும். கடையில் அதனை ஒருமுறை தோளிலேற்றிப் பார்த்துவிடுவது நன்று. தூக்க முடியாத படகு, எத்துணை விரைவுடையதாயினும், கொட்டகையிலேயே கிடக்கும்.