யார் ஆடலாம், யாரோடு மோதலாம்

1896 அக்டோபரில் பென்சில்வேனியா மாநிலத்தின் ஈஸ்டன் நகரிலிருந்த லஃபாயெட் கல்லூரிக்குப் புது மாணவர் ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் ஃபீல்டிங் யோஸ்ட், வயது 25. வெஸ்ட் வர்ஜினியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர். சில நாள்களுக்கு முன்புதான் அந்தப் பல்கலைக்கழக அணிக்காக இதே லஃபாயெட்டை எதிர்த்து ஆடித் தோற்றிருந்தார். எதிரே நின்ற அந்த ஆஜானுபாகுவான ஆளை லஃபாயெட்டின் பயிற்சியாளர் பார்க் டேவிஸ் கவனித்து வைத்தார். அக்டோபர் 24 அன்று, இரண்டு சீசன்களுக்கு மேலாகத் தோல்வியே காணாத பென்சில்வேனியா பல்கலைக்கழக அணியை லஃபாயெட் 6-4 என்று வீழ்த்தியது. லஃபாயெட்டின் தடுப்பு வரிசையில் யோஸ்ட் நின்றார். வந்த வேலை முடிந்தது. யோஸ்ட் மூட்டை கட்டிக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பினார். மறு ஆண்டு அங்கேயே சட்டப் பட்டமும் வாங்கினார்.

இங்கே பேசுவது அமெரிக்கர்களின் ஃபுட்பால். முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், எதிரே வருபவனை முட்டிச் சாய்ப்பதுமான ஆட்டம். 1869-ல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் மாணவர்கள் அணிக்கு 25 பேராக மோதிக்கொண்டதுதான் கல்லூரிகளுக்கு இடையிலான முதல் ஆட்டம் என்று வரலாறு எழுதுகிறது. மாணவர்களே அணி சேர்த்தார்கள், மாணவர்களே நாள் குறித்தார்கள். யார் மாணவர் என்று கேட்க ஆளில்லை. கேட்க வேண்டிய நிலை வந்தபோது காலம் கடந்திருந்தது. இன்று இந்தக் கல்லூரிக்கும் நாளை அந்தக் கல்லூரிக்கும் ஆடும் நாடோடி ஆட்டக்காரர்கள் ஒரு கூட்டமாகவே திரிந்தார்கள்.

இதை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிட முடியாது. சின்னக் கல்லூரியின் கணக்கு அப்படி. 200, 300 பேர் படிக்கும் இடத்தில் முட்டி மோதத் தாங்கும் பதினொரு பேரைத் தேற்றுவதே பெரும்பாடு. பக்கத்தில் ஆயிரக்கணக்கில் மாணவர்களை வைத்திருக்கும் பல்கலைக்கழகம் சவால் விடுகிறது. டிக்கெட் வசூலில் பங்கும் தருகிறேன் என்கிறது. அப்போது சின்னக் கல்லூரிக்கு இரண்டு வழிகள்தான். வெளியாளைக் கூட்டி வரலாம், அல்லது உதை வாங்கலாம். ‘யார் ஆடலாம்’ என்ற விதியையும் ‘யாரோடு மோதலாம்’ என்ற ஏற்பாட்டையும் வரலாற்று நூல்கள் தனித்தனி அத்தியாயங்களில் வைக்கின்றன. இரண்டும் ஒரே வழக்கின் இரு கட்சிகள்.

முதலில் விழித்துக்கொண்டவர்கள் பெரியவர்களே. 1895 ஜனவரியில் பர்டூ பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட் அழைக்க, மத்திய மேற்குப் பகுதிப் பல்கலைக்கழகத் தலைவர்கள் ஏழு பேர் சிகாகோவின் பாமர் ஹவுஸ் ஹோட்டலில் கூடினார்கள். முழுநேரமாகப் படிப்பவர், படிப்பில் பாக்கி வைக்காதவர் மட்டுமே ஆடலாம் என்று அங்கே முடிவானது. பின்னாளில் ‘பிக் டென்’ என்று பெயரெடுத்த கூட்டமைப்பின் வித்து அதுதான்.

1905-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தை எதிர்த்து ஆடிய யூனியன் கல்லூரி மாணவர் ஒருவர் களத்தில் மோதி உயிரிழந்தார். யூனியன் ஒரு சின்னக் கல்லூரி. அந்த ஆண்டின் மரணங்கள் நாட்டையே உலுக்கின. நியூயார்க் பல்கலைக்கழக வேந்தர் ஹென்றி மெக்ராக்கன் கல்லூரிகளைக் கூட்டினார். 1906-ல் 62 கல்லூரிகளோடு ஒரு சங்கம் பிறந்தது. 1910 முதல் அதன் பெயர் என்.சி.ஏ.ஏ. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் மூன்றும் முதலில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. விதி எழுத வந்து உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் நடுத்தர, சின்னக் கல்லூரிக்காரர்கள். ஆனால் சங்கத்தின் கையில் பேனா இருந்ததே தவிர பிரம்பு இல்லை. விதியை அந்தந்தக் கல்லூரியே தன் மீது அமல்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. அமல் எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

அதே 1906-ல், சிகாகோ ஹோட்டலில் வித்திட்ட அந்தக் கூட்டமைப்பு பிடியை இறுக்கியது. புதிதாகச் சேர்ந்தவர் ஓராண்டு காத்திருக்க வேண்டும், ஒருவர் மூன்று ஆண்டுகள்தான் ஆடலாம், பட்டம் பெற்றவர் ஆடவே கூடாது. இதைத் தாங்க மாட்டாமல் முறுக்கிக்கொண்டு விலகியது மிச்சிகன் பல்கலைக்கழகம். அங்கே அப்போது பயிற்சியாளர் வேறு யாருமல்ல, ஒரே ஆட்டத்துக்காகக் கல்லூரி மாறிய அதே யோஸ்ட். மிச்சிகன் திரும்பி வர 1917 ஆயிற்று.

வெளியாளை இறக்கிய தகராறும் ஏறுமாறான மோதலும் ஒரே ஆட்டத்தில் வந்து முட்டிய நாள் 1916 அக்டோபர் 7. அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக் அணி, டென்னஸியின் லெபனான் ஊரைச் சேர்ந்த கம்பர்லாண்ட் கல்லூரியை 222-0 என்று அடித்தது. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் இதைவிட ஒருதலையான ஆட்டம் கிடையாது. எண்ணைச் சொல்லிச் சிரிப்பவர்கள் முன்கதையை விட்டுவிடுகிறார்கள். அந்த ஆண்டு வசந்தத்தில் பேஸ்பாலில் கம்பர்லாண்ட் ஜார்ஜியா டெக்கை 22-0 என்று தோற்கடித்திருந்தது. கம்பர்லாண்ட் சட்டை போட்டு ஆடியவர்களில் பலர் நாஷ்வில்லிலிருந்து பிடித்து வந்த கூலி ஆட்டக்காரர்கள் என்பது டெக்கின் சந்தேகம். டெக்கின் பேஸ்பால், ஃபுட்பால் இரண்டுக்கும் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன். அவர் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டார்.

இலையுதிர் காலம் வருவதற்குள் கம்பர்லாண்ட் ஃபுட்பால் அணியையே கலைத்துவிட்டது. ஆட்டத்தை ரத்து செய்ய வேண்டியது. ஹைஸ்மன் ஒப்பந்தத்தை நீட்டினார்: வந்து ஆடினால் 500 டாலரும் வழிச்செலவும், வராவிட்டால் கம்பர்லாண்ட் 3,000 டாலர் கட்ட வேண்டும். அந்தக் காசுக்குக் கல்லூரியே ஆட்டம் கண்டிருக்கும். மாணவர் மேலாளர் ஜார்ஜ் ஆலன் தன் சகாக்களான சட்ட மாணவர்களைத் திரட்டி ரயிலேற்றினார். பலருக்கு இந்த ஆட்டமே பழக்கமில்லை. வழியில் நாஷ்வில்லில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆட்டக்காரர்கள் சிலரைக் கடன் வாங்கலாம் என்று இறங்கியவர்கள், கடன் கிடைக்காமல் தங்கள் ஆட்களிலேயே மூவரைத் தொலைத்தார்கள் என்பது வழிவழியாக வரும் கதை.

முதல் கால் பகுதியில் 63, இரண்டாவதில் 63. பிற்பாதியின் நேரத்தைச் சுருக்கிய பிறகும் 54, 42. கம்பர்லாண்ட் ஆள் ஒருவன் பந்தை நழுவவிட்டு, “எடுடா” என்று கத்த, ஓடிவரும் தடியர்களைப் பார்த்துவிட்ட மற்றவன், “நீதானே போட்டாய், நீயே எடு” என்றானாம். இந்த உரையாடலுக்குச் சாட்சி கிடையாது. ஆனால் நூறாண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆலன் பின்னாளில் வாஷிங்டனில் பெரும்புள்ளியாகி, அதிபர் ட்ரூமனின் நெருங்கிய நண்பராக வலம் வந்தார். இதே கம்பர்லாண்ட் 1903-ல் கிளெம்சன் கல்லூரியோடு 11-11 என்று சமன் செய்திருக்கிறது. அன்று கிளெம்சனின் பயிற்சியாளர்? ஹைஸ்மன்தான்.

சின்னக் கல்லூரி எப்போதும் உதைதான் வாங்கியது என்றும் சொல்ல முடியாது. கென்டக்கியின் டான்வில் ஊரில் உள்ள சென்டர் கல்லூரியில் 1921-ல் படித்தவர்கள் 300-க்கும் குறைவு. அக்டோபர் 29 அன்று அந்த அணி ஹார்வர்டு மைதானத்துக்கே போய் 6-0 என்று வென்றது. முந்தைய இரண்டு சீசன்களில் ஒரு தோல்வியும் காணாத அணி ஹார்வர்டு. வளைந்து நெளிந்து ஓடி அந்த ஒரே டச்டவுனை எடுத்தவர் போ மக்மிலன். வேதியியல் வாய்பாடு போல ‘சி6 எச்0’ என்று டான்வில்லின் சுவர்களில் மாணவர்கள் எழுதித் தள்ளினார்கள்.

மக்மிலன் டான்வில்லுக்கு வந்த வழியைப் பார்த்தால் விதிகளின் வளர்ச்சி புரியும். டெக்சாஸ்காரர். கல்லூரியில் சேரப் பள்ளி மதிப்பெண் போதவில்லை. முன்பாக இருந்தால் யோஸ்ட் போல நேராகக் களத்தில் இறக்கியிருப்பார்கள். இப்போது அது செல்லாது. எனவே கென்டக்கியின் சாமர்செட் உயர்நிலைப் பள்ளியில் ஓராண்டு உட்கார்ந்து பாக்கியைத் தீர்த்துவிட்டுத்தான் சென்டருக்குள் நுழைந்தார். பட்டம் பெறாமலேயே 1922-ல் பயிற்சியாளராகப் போய்விட்டார். பட்டம் கைக்கு வந்தது 1937-ல். விதி மோசடியை ஒழித்துவிடவில்லை. ஆனால் ஆட்டக்காரனை வகுப்பறை வாசல்வரை இழுத்து வந்துவிட்டது. அது சின்னச் சாதனை அல்ல.

இதில் சிரிக்க வைக்கும் சம்பவம் 1941-ல் நடந்தது. நியூயார்க் பங்குத் தரகர் மாரிஸ் நியூபர்கருக்கு ஒரு சந்தேகம்: யாரும் கேள்விப்படாத கல்லூரிகளின் முடிவுகளையெல்லாம் பத்திரிகைகள் அச்சிடுகின்றனவே, இல்லாத கல்லூரியைச் சொன்னாலும் போடுவார்களா? தொலைபேசியை எடுத்தார். பிளெயின்ஃபீல்ட் டீச்சர்ஸ் கல்லூரி வென்றது என்றார். போட்டார்கள், நியூயார்க் டைம்ஸ் உட்பட. வாரா வாரம் பிளெயின்ஃபீல்ட் வென்றது. ஜானி சுங் என்ற நட்சத்திர வீரர் முளைத்தார். இடைவேளையில் சோறு சாப்பிட்டுவிட்டு வந்து எதிரிகளைச் சிதறடிப்பார் என்று செய்தி வந்தது. குட்டு உடையும் நேரத்தில் நியூபர்கர் கடைசி அறிக்கையை எழுதினார்: இடைத்தேர்வில் பலர் தோற்றுத் தகுதி இழந்ததால் மீதி ஆட்டங்களை பிளெயின்ஃபீல்ட் ரத்து செய்கிறது. இல்லாத கல்லூரியையும் மூட, நம்பும்படியான காரணம் தகுதி விதிதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் என்.சி.ஏ.ஏ. சங்கம் வேறு வழியில் போயிற்று. ஆட்டக்காரனை மட்டும் சலித்துப் பயனில்லை, கல்லூரிகளையும் சலிக்க வேண்டும். முதலாண்டு மாணவர் ஆடக் கூடாது என்ற தடையிலிருந்து சின்னக் கல்லூரிகளுக்கு விலக்கு கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே மூன்று வகுப்பு மாணவர்களை மட்டும் வைத்து அணியை நிரப்ப முடியாதே. 1956-ல் என்.சி.ஏ.ஏ. பெரியவர், சிறியவர் என்று இரண்டாகப் பிரிந்தது. அதே ஆண்டு என்.ஏ.ஐ.ஏ. என்ற போட்டிச் சங்கம் சின்னக் கல்லூரிகளுக்கென ஃபுட்பால் கோப்பையை லிட்டில் ராக் நகரில் தொடங்கியது. முதல் இறுதி ஆட்டத்தில் மொன்டானா ஸ்டேட்டும் இந்தியானாவின் செயின்ட் ஜோசப்ஸும் 0-0. ஆளுக்கு ஆள் சரி என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

1973-ல் இரண்டு மூன்றாயிற்று. கடைசித் தட்டான மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்காக உதவித்தொகை ஒரு காசும் கிடையாது. தகுதி விதியில் இங்கே தனிக் கெடுபிடி வந்தது. மேல் பிரிவுகளில் ஒரு மாணவர் ஆண்டு முழுக்கப் பயிற்சி செய்துவிட்டு, ஆட்டத்தில் இறங்காமல் அந்த ஆண்டைச் சேமித்து வைக்க முடிந்தது. மூன்றாம் பிரிவில் 2004-ல் அதற்குத் தடை வந்தது. சீசனின் முதல் ஆட்டத்துக்குப் பிறகு பயிற்சிக்கு வந்தாலே ஓர் ஆண்டு கழிந்துவிடும் என்றானது. நான்கு ஆண்டில் படித்து முடித்துப் போகட்டும் என்பது நோக்கம்.

காசை எடுத்துவிட்டால் சமம் வந்துவிடும் என்று நம்பினார்கள். 2005-லிருந்து 2014 வரை பத்து இறுதி ஆட்டங்களில் ஒன்பதில் ஒஹாயோவின் மவுண்ட் யூனியனும் விஸ்கான்சின்-வைட்வாட்டரும்தான் எதிரெதிரே நின்றன. உதவித்தொகை இல்லாவிட்டால் என்ன, பழக்கம், பெயர், நல்ல பயிற்சியாளர் என்று வேறு மூலதனங்கள் இருக்கின்றன. விதியோ சில்லறையில் குறியாக இருந்தது. டெக்சாஸின் மேரி ஹார்டின்-பேய்லர் அணி 2016-ல் ஒரு தோல்வியும் இன்றி மூன்றாம் பிரிவுக் கோப்பையை வென்றது. தலைமைப் பயிற்சியாளர் பீட் ஃப்ரெடன்பர்க் தன் பழைய சுபாரு காரை மாணவருக்கு ஓட்டக் கொடுத்திருந்தார் என்று தெரிந்தது. ஓசிக் கார் சலுகை. சலுகை பெற்றவர் தகுதியற்றவர். தகுதியற்றவர் ஆடிய வெற்றி செல்லாது. கோப்பை ஏட்டிலிருந்து நீங்கியது. லஃபாயெட்டின் 1896 வெற்றி மட்டும் ஏட்டில் அப்படியே இருக்கிறது.

மினசோட்டாவில் நடந்ததோ எந்த விதியும் மீறப்படாத கதை. செயின்ட் தாமஸ் பல்கலைக்கழகம் அந்த மாநிலக் கல்லூரிக் கூட்டமைப்பை 1920-ல் தோற்றுவித்தவர்களில் ஒன்று. காலப்போக்கில் அது 6,000 இளநிலை மாணவர்களுக்கு மேல் வளர்ந்தது; கூட்டாளிகளில் பெரும்பாலோர் அதில் பாதியோ அதற்கும் கீழோ. 2017-ல் செயின்ட் ஓலஃப் கல்லூரியை 97-0 என்று அடித்தது. ஆட்டக்காரர்கள் அனைவரும் உண்மையான மாணவர்கள். 2019 மே மாதம் கூட்டமைப்பு செயின்ட் தாமஸை அதன் விருப்பத்துக்கு மாறாக வெளியேற்றியது. காரணம் போட்டிச் சமநிலை என்றார்கள். ஆளைத் தகுதி நீக்கம் செய்த காலம் போய், வென்ற குற்றத்துக்கு அணியையே நீக்கிய காலம்.

செயின்ட் தாமஸ் இடைப்படியைத் தாண்டி, மூன்றாம் பிரிவிலிருந்து நேராக முதல் பிரிவுக்கு ஏறியது. ஃபுட்பாலுக்கு உதவித்தொகை தராத பயனியர் லீக்கில் 2021-ல் சேர்ந்தது. 2022-ல் லீக்கின் எட்டு ஆட்டங்களையும் வென்று முதலிடம் பிடித்தது. ஆனால் பிரிவு மாறிய கல்லூரி சில ஆண்டுகள் தேசியக் கோப்பைக்கு ஆடக் கூடாது என்பது என்.சி.ஏ.ஏ. விதி. லீக்கின் இடம் டேவிட்சன் கல்லூரிக்குப் போனது. முதல் சுற்றில் ரிச்மண்ட் பல்கலைக்கழகம் டேவிட்சனை 41-0 என்று வென்றது.