கேட்டதற்கு என்ன சான்று? நெடுஞ்சாலைக் கருத்துக்கேட்பும் அதன் பதிவேடும்

1968 ஏப்ரல் 10 மாலை, நியூயார்க்கின் சீவார்ட் பார்க் உயர்நிலைப் பள்ளியில் மாநிலப் போக்குவரத்துத் துறை கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியது. பேச வந்தவர்களுக்கான ஒலிவாங்கி மேடையிலிருந்த அதிகாரிகளுக்கு முதுகு காட்டி, மக்களை நோக்கி நின்றது. எழுத்தாளரும் செயற்பாட்டாளருமான ஜேன் ஜேக்கப்ஸ் அதைச் சுட்டிக்காட்டிவிட்டு எதிர்ப்பாளர்களோடு மேடையேறினார். சுருக்கெழுத்து இயந்திரத்தின் காகிதச் சுருள் அவிழ்ந்து சிதறியது. பதிவு இல்லையென்றால் கூட்டமும் நடக்கவில்லை என்றார் அவர், கைதானார்.

குடிமக்களின் துணிவுக்குச் சான்றாகவே இந்நிகழ்வை எடுத்துச் சொல்வார்கள். எனக்கு அந்தக் காகிதச் சுருளே முக்கியமாகப் படுகிறது. கூட்டாட்சி நிதியில் போடும் சாலை ஒரு நகரின் வழியே சென்றால், கருத்துக்கேட்பு நடத்தியதாக மாநிலத் துறை சான்றளிக்க வேண்டும் என்றது 1950ஆம் ஆண்டுச் சட்டம். கேட்டவற்றுக்குப் பதில் சொல்லும் கடமையை அது விதிக்கவில்லை. தமிழில் ‘கேட்டல்’ வினவுதலையும் குறிக்கும், செவிமடுத்தலையும் குறிக்கும். அச்சட்டத்துக்கு முதற்பொருளே போதுமானதாக இருந்தது.

சீவார்ட் பார்க் கூட்டம் நடந்ததே, நியூயார்க்கின் பெருங்கட்டுமானங்களை நடத்திய அதிகாரி ராபர்ட் மோசஸ் நெடுநாள் முன்னெடுத்த லோயர் மன்ஹாட்டன் விரைவுச்சாலைக்காக. ஹாலந்து சுரங்கப்பாதையை கிழக்காற்றுப் பாலங்களோடு இணைக்க ப்ரூம் தெருவை அது பிளந்து செல்லும். ஏறத்தாழ 2,000 குடும்பங்களும் 800 தொழிலகங்களும் கடைகளும் இடம்பெயர வேண்டும். நகரின் மதிப்பீட்டு வாரியம் 1962இலேயே அதை நிராகரித்திருந்தது. ஆனாலும் அதே மக்கள் அதே மறுப்பைச் சொல்ல மீண்டும் வரவேண்டியிருந்தது. மறுப்புக்குக் காலாவதி உண்டு, கான்கிரீட்டுக்கு அது இல்லை. 1969இல்தான் திட்டம் கைவிடப்பட்டது.

அந்த ஆண்டு ஜனவரியில் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் விதியை மாற்றியது: பாதையை முடிவுசெய்யுமுன் ஒரு கூட்டம், வடிவமைப்பு குறித்து இன்னொன்று. கருத்துக் கேட்கும் காலம் சரிசெய்யப்பட்டது. பதிவேட்டுக்குப் பல் முளைத்தது மெம்பிஸ் நகரின் ஓவர்ட்டன் பூங்கா வழக்கில். வேறு ஏற்ற வழி இருக்கையில் பூங்கா நிலத்தைச் சாலைக்கு எடுக்கக்கூடாது என்றது 1966ஆம் ஆண்டுச் சட்டம். அப்படியிருந்தும் ஐ-40 நெடுஞ்சாலை பூங்காவை ஊடுருவ ஒப்புதல் கிடைத்தது. வழக்கு வந்தபின் எழுதித் தந்த பிரமாணப் பத்திரங்கள் போதா, முடிவெடுத்த வேளையில் முன்னிருந்த முழு ஆவணத்தையும் பார்க்க வேண்டும் என்று 1971இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அப்பூங்கா வழியே சாலை வரவேயில்லை. என் வாதமும் இதுதான்: கருத்துக்கேட்பின் வலிமை அதிகாரியின் செவியில் இல்லை, பின்னாளில் அவர் மறுக்கவோ திருத்தவோ முடியாத ஏட்டில் இருக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஏட்டைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போக யாரால் முடியும்? நியூ ஆர்லியன்ஸைப் பாருங்கள். பிரெஞ்சு குவார்ட்டரின் ஆற்றங்கரையில் வரவிருந்த விரைவுச்சாலையை 1969இல் போக்குவரத்து அமைச்சர் ஜான் வோல்பி ரத்து செய்தார். ஓவர்ட்டன் வழக்கில் எதிர்த்தரப்பாக நின்றவரும் அவரே. நடை தொலைவில், கறுப்பின மக்களின் ட்ரெமே பகுதியில், கிளெய்போர்ன் அவென்யூவின் ஓக் மரங்கள் 1966இலேயே வெட்டப்பட்டுவிட்டன. 1969 ஜனவரி விதிக்கு மூன்றாண்டு முன்பு. அங்கே எழுந்த மேம்பாலச் சாலை இன்னும் நிற்கிறது.