டி.எம்.வி. என்னும் மூன்றெழுத்து

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து உழவர்க்கு டி.எம்.வி. என்றால் நிலக்கடலை விதை. திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. 2 என்னும் இரகம் 1940இல் வெளிவந்தது. வைரஸ் ஆய்வாளர்க்கோ அம்மூன்றெழுத்து புகையிலைத் தேமல் வைரஸைக் குறிக்கும்.

1939இல் ஜெர்மனியில் ஹெல்முட் ரஸ்கா முதலியோர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அவ்வைரஸைக் கண்டபோது மங்கிய கோல்களே புலப்பட்டன. உயிர்ப்பொருளின் இலேசான அணுக்கள் எலக்ட்ரான்களைச் சிறிதே சிதறடிக்கும். கனமான டங்ஸ்டன் மிகுதியாகச் சிதறடிக்கும். 1956இல் ஹியூ ஹக்ஸ்லி பாஸ்போடங்ஸ்டிக் அமிலத்தைச் சேர்த்துப் பார்த்தார். கோலின் நடுவே ஓடும் துளையும் தெரிந்தது. 1959இல் கேம்பிரிட்ஜில் பிரென்னரும் ஹார்னும் இதனை எளிய முறையாக்கினர். சாயம் என்பது பொருந்தாப் பெயரே: வைரஸ் நிறமேறுவதில்லை, சூழ்ந்த டங்ஸ்டன் உப்பு கறுத்து நிற்க, அது வெண்மையாய்த் துலங்கும்.

டி.எம்.வி. 2 கடலையை எளிதில் வருத்தும் மொட்டுக் கருகல் நோயும் வைரஸால் வருவதே. ஆயின் அவ்வைரஸ் கோல் அன்று, உருண்டை.