ஆஃப்சைடில் இருப்பது எந்த சைடு?

எலவனாசூர்கோட்டை வழியாகப் போகும் உளுந்தூர்பேட்டை–சேலம் சாலையில் ‘சைடு’ என்றால் ஓரம். லாரி சைடு கொடுக்கும், பஸ் சைடு வாங்கும். அதே ஊரின் கல்யாணப் பந்தியில் ‘மாப்பிள்ளை சைடு’ என்றால் ஆட்கள். கால்பந்தின் ஆஃப்சைடு இந்த இரண்டாம் வகை. அதை முதல் வகையாக எண்ணிக்கொள்வதால்தான் விதி பலருக்குப் பிடிபடுவதில்லை என்பேன். கிரிக்கெட்டும் தன் பங்குக்குக் குழப்பியிருக்கிறது. வர்ணனையில் கேட்டுப் பழகிய ‘ஆஃப் சைடு’ மைதானத்தின் ஒரு பாதி. குதிரையின் வலப்புறத்தைக் குறித்த ஆங்கிலச் சொல்லிலிருந்து அது வந்ததாகச் சொல்வார்கள். ஏரில் வலத்தை மாடு, இடத்தை மாடு என்கிறோமே, அந்தக் கணக்கு. கால்பந்துச் சொல்லுக்கும் அதற்கும் ஒலிதான் ஒன்று.

1845-இல் இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் எழுதப்பட்ட விதிகளில் ‘தன் சைடை விட்டு விலகியவர்’ என்ற பொருளிலேயே இது வருகிறது. அங்கே சைடு என்பது அணி. பின்னால் நிற்கும் தன் ஆள் பந்தைத் தொட்டுவிட்டால், முன்னே நிற்பவர் கூட்டத்திலிருந்து கழன்றவர். எதிரணி பந்தைத் தொடும்வரை அவருக்கு ஆட்டமில்லை. ஈட்டன் பள்ளியார் இதையே பதுங்கிப் போவது என்று ஏசினார்கள். 1863-இல் கால்பந்துச் சங்கம் எழுதிய விதி, பந்துக்கு முன்னால் நின்ற எல்லாரையும் தடுத்தது. 1866-இல், எதிராளிகள் மூவர் எதிரே இருந்தால் போதும் என்று தளர்ந்தது. 1907-இல் தன் பாதிக்குள் நிற்பவருக்கு விலக்கு கிடைத்தது. நியூகாசிலின் பில் மெக்ராக்கன் போன்ற தடுப்பாளர்கள் சமயம் பார்த்து முன்னேறி எதிராளியைச் சிக்கவைப்பதையே கலையாக்கிவிட, 1925-இல் மூவர் இருவரானார்கள். அடுத்த பருவத்தில் இங்கிலாந்து முதல் டிவிஷன் கோல்கள் 1,192-இலிருந்து 1,703-க்குத் தாவின.

இன்றைய விதியில் நடுக்கோடு, பந்து, கடைசிக்கு முந்தைய எதிராளி என்று அளவுகள்தானே இருக்கின்றன, அணி எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2022 கத்தார் உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் எக்குவடோரின் என்னர் வலென்சியா மூன்றாம் நிமிடத்தில் முட்டிய கோல் செல்லாமல் போனது, சகவீரர் ஒருவரின் கால் அளவில் சிக்கியதால். ஆனால் அளப்பது எந்தக் கணத்தில்? சகா பந்தைத் தொடும் கணத்தில். எதிராளியே வேண்டுமென்று ஆடிய பந்து வந்தால், எங்கே நின்றாலும் குற்றமில்லை. பந்துக்குப் பின்னால் இருப்பவருக்கும் குற்றமில்லை. முன்னே சும்மா நிற்பதுகூடக் குற்றமில்லை. அங்கிருந்து ஆட்டத்தில் தலையிட்டால்தான் விசில். வெறும் கோட்டு விதிக்கு இத்தனை விலக்கு எதற்கு?

தன் அணியை விட்டு முன்னே போவது குற்றம் என்பது சடுகுடு ஆடிய கால்களுக்கு வினோதமாகப் படும். பாடிப் போகிறவன் தன்னந்தனியாக எதிர்க்களத்தில் நுழைவதுதானே அங்கே வீரம்! அங்கே மண்ணே இரண்டாகப் பிரிந்திருக்கிறது, அதனால் செல்லும். கால்பந்தில் மண் பொது. எல்லை பந்தோடு நகர்கிறது. பி.டி. மாஸ்டர் கட்சி பிரித்து ஆடவிடும்போது, ‘பந்து வருமுன்னே கட்சியை விட்டு ஓடியவன்’ என்று முதலில் சொல்லிவிட்டால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். கடைசிக்கு முந்தைய ஆளின் கணக்கை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.