ஒரு நிலையமும் ஒரு குடியிருப்பும்: லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் புகையிரதப் பாதைகள் ஒன்றிணைந்த வரலாறு

1939ஆம் ஆண்டு மே மாத முற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மூன்று நாட்கள் பெருவிழா நடைபெற்றது. சதர்ன் பசுபிக், சான்டா பே, யூனியன் பசுபிக் ஆகிய மூன்று கம்பனிகளின் பிரயாணிகள் வண்டிகளும் ஒரே இடத்தில் வந்து சேரும் வகையில் அமைக்கப்பட்ட யூனியன் நிலையம் அவ்விழாவிலே திறந்துவைக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் அதனைக் காணத் திரண்டனர். பலம் பொருந்திய கம்பனிகளின் மீது ஒரு மாநகரம் ஈட்டிய வெற்றியாக இந்நிகழ்ச்சி பலராற் கொள்ளப்படுகின்றது. அக்கூற்றில் உண்மை உண்டு. ஆயின், அந்நிலையம் எழுந்த நிலத்தில் அதற்கு முன்னர் மக்கள் வாழ்ந்தனர் என்பதும் உண்மையே. இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே நோக்கும்போதுதான் இவ்வரலாறு முழுமை பெறும்.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் புகையிரதத்தால் வளர்ந்த நகரம். சதர்ன் பசுபிக் கம்பனியின் பாதை தம் ஊரைத் தவிர்த்துச் சென்றுவிடுமோ என அஞ்சிய அப்பகுதி மக்கள், 1872இல் நடந்த வாக்கெடுப்பின் மூலம் அக்கம்பனிக்குப் பெருந்தொகையான மானியம் வழங்க இசைந்தனர். 1876 செப்டெம்பர் 5ஆம் நாள் லாங் என்னுமிடத்தில் வடக்கிலிருந்து வந்த பாதையும் தெற்கிலிருந்து சென்ற பாதையும் இணைந்தன. அதற்கு வழிசெய்த சான் பெர்ணான்டோ சுரங்கப்பாதை ஏறத்தாழ 7,000 அடி நீளமானது. மலையைக் குடைந்து அதனை அமைத்த தொழிலாளரிற் பெரும்பாலோர் சீனராவர். இச்செய்தி பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்வதற்கு இன்றியமையாதது.

1880களிற் சான்டா பே கம்பனியும், 1905இல் சோல்ட் லேக் நகரிலிருந்து வந்த மூன்றாவது பாதையும் நகரை அடைந்தன. இம்மூன்றாவது பாதை பின்னர் யூனியன் பசுபிக் கம்பனியின் வசமாயிற்று. 1880இல் 11,183 ஆக இருந்த நகரின் குடித்தொகை 1920இல் 576,673 ஆக உயர்ந்தது. ஆனால், பாதைகளோ ஒரு சிறு பட்டினத்துக்கென இடப்பட்டவை. அலமீடா வீதியில் வண்டிகளுக்கும் பாதசாரிகளுக்கும் நடுவே புகையிரதங்கள் ஓடின. மோட்டார் வாகனங்களும் டிராம் வண்டிகளும் பெருகியபோது, தரைமட்டக் கடவைகள் தாமதத்துக்கும் விபத்துக்கும் உரிய இடங்களாயின. கம்பனிகள் தனித்தனியே நிலையங்களை அமைத்திருந்தமையால், ஒரு பாதையில் வந்து மற்றொரு பாதையிற் செல்ல வேண்டிய பிரயாணி நகரின் ஊடே தன் பொதிகளுடன் அலைய நேரிட்டது.

எல்லோர்க்கும் இடையூறான இந்நிலை ஏன் நீடித்தது? விடை கம்பனிகளின் பொருளாதார நலனில் தங்கியுள்ளது. நகரின் மையத்தில் தனக்கெனச் சொந்த நிலையம் வைத்திருக்கும் கம்பனிக்கு அது போட்டியில் ஒரு கருவி. பொது நிலையத்தில் இணைவதென்பது தன் செலவிற் போட்டியாளனுக்கு வாயிலைத் திறந்துவிடுவதற்கு ஒப்பாகும். நகருக்கு நன்மையானது கம்பனிக்கு நட்டமாகத் தோன்றியது. எனவே ஒத்துழைப்பு விருப்பத்தினால் அன்றிச் சட்டத்தின் வலுவினாலேயே உருவாக வேண்டியிருந்தது.

கலிபோர்ணியா மாநிலப் புகையிரத ஆணைக்குழு 1921இல் பொது நிலையமொன்றை அமைக்குமாறு கட்டளையிட்டது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. 1924இல் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாநிலங்களிடை வர்த்தக ஆணைக்குழுவின் அங்கீகாரமின்றி மாநில ஆணைக்குழு அவ்வாறு கட்டளையிட முடியாதெனத் தீர்ப்பளித்தது. நகரம் அவ்வாணைக்குழுவை நாடியது. ஆனால் 1929இல் அதே நீதிமன்றம், பொது நிலையம் அமைக்குமாறு கம்பனிகளைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் மாநிலங்களிடை வர்த்தக ஆணைக்குழுவுக்கு இல்லை என்றது. இறுதியாக 1931இல் மாநில ஆணைக்குழுவின் கட்டளை செல்லுமெனத் தீர்ப்பாயிற்று. பத்தாண்டுகள் நீடித்த இவ்வழக்குகளில் ஆராயப்பட்ட அடிப்படை வினாக்கள் இரண்டே: கட்டளையிடும் அதிகாரம் யாருக்கு உரியது, செலவைக் கம்பனிகள் மீது சுமத்துதல் தகுமா என்பன.

வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே பிரச்சினை மக்கள் முன்னும் வைக்கப்பட்டது. பொது நிலையத்துக்கு மாற்றாக, இருக்கும் நிலையங்களை உயர்த்தப்பட்ட பாதைகளால் இணைக்கலாம் என்பது கம்பனிகளின் யோசனை. 1926 ஏப்ரல் 30இல் நடந்த வாக்கெடுப்பிற் பொது நிலையம் வேண்டுமென்று வாக்களித்தோர் ஏறத்தாழ 61 வீதத்தினர். அது பழைய சதுக்கத்துக்கு அருகில் அமைய வேண்டுமா என்ற இரண்டாவது வினாவுக்கு ஆதரவு 51 வீதத்தையே சற்றுத் தாண்டியது. கொள்கையைப் பெரும்பான்மையாக ஏற்ற நகரம், இடத்தைப் பொறுத்தவரை ஏறக்குறைய இரு கூறாகவே பிளந்து நின்றது. அவ்விடமோ சீனர் குடியிருப்பு.

இக்குடியிருப்பின் வரலாறு துயரம் நிறைந்தது. 1871 ஒக்டோபர் 24ஆம் நாள் சதுக்கத்தை அடுத்திருந்த சீனர் தெருவுட் புகுந்த கும்பலொன்று பதினெட்டுப் பேர் வரையிற் கொன்றது. குற்றவாளிகளாகக் காணப்பட்ட எண்மர் மீதான தீர்ப்பும் பின்னர் இரத்துச் செய்யப்பட்டது. அதன் பின்னர் சீனர் அலமீடா வீதிக்குக் கிழக்கே பரவிக் குடியேறினர். 1882ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளரின் வருகையைத் தடுத்ததோடு, சீனர் அமெரிக்கப் பிரசைகளாவதையும் விலக்கியது. அத்தடை 1943 வரை நீங்கவில்லை. பிரசாவுரிமை பெறத் தகுதியற்ற அந்நியர் காணி வாங்குவதை 1913ஆம் ஆண்டின் கலிபோர்ணியச் சட்டம் தடைசெய்தது. அமெரிக்க மண்ணிற் பிறந்த பிள்ளைகள் பிரசைகளாயினும், குடியிருப்பின் மூத்த தலைமுறையினர் பிறர் நிலத்தில் வாடகை செலுத்தியே வாழ்ந்தனர். வீதிகள் பல தனியார் நிலமெனக் கருதப்பட்டமையால் மாநகர நிர்வாகம் அவற்றைச் செப்பனிடவில்லை. செப்பனிடப்படாத வீதிகளும் பழுதடைந்த கட்டடங்களும் பின்னர் அக்குடியிருப்பு அகற்றப்பட வேண்டியதென்பதற்குச் சான்றுகளாகக் காட்டப்பட்டன. புறக்கணிப்பின் விளைவே அழிப்புக்குரிய நியாயமாக மாறியதெனலாம்.

இங்கு ஒன்று கவனிக்கற்பாலது. கம்பனிகளுக்கு நீதிமன்றம் இருந்தது. நகரவாசிகளுக்கு வாக்குச்சீட்டு இருந்தது. நில உரிமையாளருக்கு விலை கிடைத்தது. சீனத்திலிருந்து வந்து வாழ்ந்த மனிதனுக்கு வாக்கில்லை, காணியில்லை, ஆகவே தீர்மானம் நிகழ்ந்த எந்த மன்றத்திலும் அவனுக்கு இடமில்லை. சனநாயக முறைப்படியும் சட்ட முறைப்படியும் எடுக்கப்பட்ட ஒரு முடிவு அநீதியாகவும் அமையக்கூடும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

1933இன் இறுதியிற் கட்டடங்கள் இடிக்கப்படலாயின. சுரங்கம் குடைந்து பாதைக்கு வழிதந்தோரின் சந்ததியினரும் இனத்தவரும் அப்பாதையின் பொருட்டே வீடிழந்தனர். ஆயினும் அவர்கள் வெறுமனே சிதறிவிடவில்லை. லொஸ் ஏஞ்சல்ஸிற் பிறந்த பொறியியலாளரான பீற்றர் சூஹூ முதலியோர் முன்னின்று, பங்குகள் மூலம் பணந்திரட்டிச் சில வீதிகளுக்கு அப்பால் நிலம் வாங்கினர். அந்நிலம் சான்டா பே கம்பனிக்குச் சொந்தமாயிருந்ததென்பது குறிப்பிடத்தக்கது. புகையிரதத்தால் வெளியேற்றப்பட்டோர் புகையிரதக் கம்பனியிடமே விலைகொடுத்து மண் வாங்கினர். 1938 யூன் 25இல் 'புதிய சீனர் நகர்' திறக்கப்பட்டது. வாடகைக் குடிகளாயிருந்த சமூகம் உரிமையாளராக மாறியதே அதன் சிறப்பு. எனினும் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் முதன்மையளித்த அப்புதிய இடம், பழைய குடியிருப்பின் வறியோர் அனைவருக்கும் புகலிடமாகவில்லை.

நிலையத்தின் பயனையும் மறுத்தற்கில்லை. தந்தை மகனான ஜோன் பார்க்கின்சன், டொனால்ட் பார்க்கின்சன் ஆகியோரின் தலைமையில் ஏறத்தாழ 110 இலட்சம் டொலர் செலவில் உருவான அக்கட்டடம், இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெருந்திரளான பிரயாணிகளைத் தாங்கியது. யுத்தத்தின் பின் மோட்டார் வாகனமும் விமானமும் மேலோங்க அது வெறிச்சோடியது. 1990களிற் புறநகர்ப் புகையிரதமும் நிலக்கீழ்ப் புகையிரதமும் வந்தபோது மீண்டும் உயிர்பெற்றது. 2011இல் அது பொதுப் போக்குவரத்து நிறுவனமொன்றின் உடைமையாயிற்று. பாதைகளை ஓரிடத்திற் சேர்க்க வேண்டுமென்று நகரம் அன்று வாதாடியது தவறன்று என்பதைக் காலம் காட்டியுள்ளது.

எனவே ஒன்றிணைப்பு வேண்டுமா வேண்டாமா என்பதன்று இவ்வரலாறு எழுப்பும் வினா. பொதுநன்மையின் விலையை யார் செலுத்துவது, அதனைத் தீர்மானிக்கும் அவையில் அவர்களுக்கு இடமுண்டா என்பதே வினா. 1980களின் பிற்பகுதியில் நிலக்கீழ்ப் பாதைக்காக நிலையத்தின் அடிநிலம் அகழப்பட்டபோது, பழைய சீனர் குடியிருப்பின் பீங்கான் துண்டுகளும் அன்றாடப் பொருட்களும் வெளிப்பட்டன. வழக்கேடுகளிற் பேசாதவர்களின் இருப்பை ஐம்பதாண்டுகளின் பின் மண் எடுத்துரைத்தது. ஒரு நகரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் கட்டடங்களைக் காண்பதோடு அமையாது, அவை நிற்கும் நிலத்தையும் வினாவுதல் வேண்டும்.