வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம்: 'தீபன்' குறித்த வாசிப்புகளைத் தருமபுரியிலிருந்து பார்த்தல்

தருமபுரி அகழ்வைப்பகத்தில் நிற்கும் நடுகற்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்னார் தொறு (மாட்டு மந்தை) கொண்டபோது, மீட்கப் போன இன்னான் பட்டான். இது அவன் கல். இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், உடம்பில் தைத்த அம்பு, காலடியில் ஒரு கெண்டி. எழுத்துத் தேய்ந்துபோன கல்லிலும் கதை புரிந்துவிடும். மாட்டை மீட்டுக்கொண்டு உயிரோடு வீடு திரும்பி, அதற்குப் பின் முப்பது வருடம் ஏதோ ஒரு பிழைப்பில் கிடந்து மூத்துச் செத்தவனுக்கு இந்தக் கூடத்தில் கல் கிடையாது. புறத்திணை இலக்கணத்திலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. ஆட்சியைத் துறந்து தவம் பூண்டவனுக்கு வாகைத் திணையில் இடமுண்டு. ஆயுதத்தைப் போட்டுவிட்டு அடுக்குமாடிக் குடியிருப்பில் பராமரிப்பு வேலைக்குப் போனவனுக்குத் துறை வகுக்கப்படவில்லை.

அப்படிப் போன ஒருவனின் கதைதான் ழாக் ஓதியார் இயக்கி 2015இல் கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்ற 'தீபன்'. பிரெஞ்சுப் படமானாலும் பேச்சில் பெரும்பகுதி தமிழ். இலங்கைப் போரில் தோற்றுப்போன போராளி ஒருவன் தோழர்களின் சிதையில் தன் சீருடையையும் போட்டு எரிக்கிறான். செத்துப்போன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளை வைத்து, முன்பின் அறியாத யாழினி என்ற பெண்ணையும் இளையாள் என்ற தாயில்லாச் சிறுமியையும் மனைவி, மகள் என்று சொல்லிப் பிரான்ஸ் போய்ச் சேர்கிறான். பாரிஸ் தெருவில் மினுக்கு விளக்குப் பொம்மை விற்கிறான். பிறகு போதைக் கும்பல் ஆளும் புறநகர்க் குடியிருப்பில் பராமரிப்பு வேலை. தீபனாக நடித்தவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. அல்லைப்பிட்டியில் பிறந்து, பதின்வயதில் புலிகள் இயக்கத்தில் சேர்ந்து விலகி, 1993இல் பிரான்ஸ் சேர்ந்தவர்.

படத்தின் முடிவுதான் கருத்துகளைப் பிளந்தது. கடைசிக் கால் மணி நேரத்தில் தீபன் மறுபடி ஆயுதம் எடுக்கிறான், புகை மண்டிய மாடிப்படிகளில் ஏறிக் கொல்கிறான், பெண்ணை மீட்கிறான். ஐரோப்பிய விமர்சகர்களில் பலருக்கு இது ஒட்டாத வால். தமிழ் வாசிப்புகள் வேறு இடங்களில் முறுகின. போரின் அரசியலைப் படம் ஓரங்கட்டிவிட்டது என்றது ஒரு தரப்பு. இயக்கத்தைக் கடுமையாக விமர்சித்து எழுதியவரே போராளியாக நடிப்பதா என்றது இன்னொன்று. 'வேற ஆளு, வேற ஊரு, கடைசியில நம்ம சினிமா சண்டைதான்' என்று உதட்டைப் பிதுக்கியவர்களும் உண்டு. அந்தக் கடைசி முணுமுணுப்பை நான் லேசாக ஒதுக்க மாட்டேன்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்வி: இது உண்மையா? என் வாதம், கேள்வி பிழை என்பது. முன்னாள் போர்வீரன் பற்றிய பரபரப்புக் கதை எந்த நாட்டில் எழுதப்பட்டாலும் யாருக்காகச் சொல்லப்படுகிறதோ அவரது அளவுக்கே தைக்கப்படுகிறது. டேவிட் மோரெலின் 1972 நாவலில் ராம்போ இறந்துபோகிறான். 1982 படத்தில் பிழைத்துக்கொள்கிறான். ஆள் அவனேதான், கேட்பவர் மாறிவிட்டார்.

படத்துக்குள்ளேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. அகதி விண்ணப்ப நேர்காணலில் தீபன் ஏஜென்ட் சொல்லிக்கொடுத்த கதையை ஒப்பிக்கிறான். நடுவே உட்கார்ந்திருக்கும் மொழிபெயர்ப்பாளரும் தமிழர். இது எல்லாரும் சொல்லித் தேய்ந்த கதை என்று அவர் தமிழிலேயே அவனைக் கண்டிக்கிறார். எதிரே இருக்கும் அதிகாரிக்கு அது போய்ச் சேர்வதில்லை. தமிழ்ப் பார்வையாளர் உட்கார்ந்திருப்பது அதிகாரியின் நாற்காலியில் அல்ல, மொழிபெயர்ப்பாளரின் நாற்காலியில். இரண்டு பேச்சும் நமக்குக் கேட்கிறது. ஷோபாசக்தியின் 'கொரில்லா' நாவல் (2001) அகதி விண்ணப்பத்தின் வடிவிலேயே, எண்ணிட்ட பத்திகளோடு தொடங்குவது இங்கே நினைவுக்கு வர வேண்டும். இலக்கிய உத்தி என்று அதைப் பாராட்டினோம். புலம்பெயர்ந்தவனின் தன்வரலாற்றுக்கு முதல் வாசகர் அரசு எழுத்தர்தான் என்ற தகவலும் அதில் இருந்தது.

இரண்டு பேச்சும் கேட்பவருக்கு வெள்ளைக் கோட்டுக் காட்சி வேறு மாதிரி விளங்கும். கும்பல்கள் சுட்டுக்கொண்ட பின், தீபன் கட்டடங்களுக்கு நடுவே தரையில் வெள்ளைச் சாயத்தால் கோடு இழுத்து, இது சூடு தவிர்ப்பு வலயம் என்று கத்துகிறான். தெரியாதவருக்கு அது ஒரு கிறுக்கனின் வீம்பு. 2009 ஜனவரி முதல் வன்னியில் இலங்கை அரசு அப்படிப்பட்ட வலயங்களை அறிவித்ததும், அவற்றுக்குள்ளேயே எறிகணை விழுந்ததை ஐ.நா. வல்லுநர் குழு 2011இல் பதிவு செய்ததும் தெரிந்தவருக்கு அடிவயிறு கலங்கும். எதிரியின் சொல்லை, அதுவும் பொய்த்துப்போன சொல்லை, வேறு சொல் கிடைக்காமல் அவன் எடுத்துக்கொள்கிறான். போரின் அரசியல் படத்தில் இல்லை என்போர் இந்தக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இதைத் தருமபுரியிலிருந்து எழுதுவதற்கு நடுகல் மட்டும் காரணமல்ல. நாகாவதி அணை, தும்பலஹள்ளி என்று இந்த மாவட்டத்தின் அணைக்கட்டுகளை ஒட்டி ஈழத்தமிழர் முகாம்கள் உள்ளன. 2021இல் அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றப்பட்டது. அதே ஆண்டு அறிவிக்கப்பட்ட மாத உதவித்தொகை: குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500. தலைவர், பெரியவர், சிறுவர் என்ற இந்த மூன்று கட்டங்களில்தான் குடும்பம் பதிவேட்டுக்குள் வருகிறது. தீபன், யாழினி, இளையாள் மூவரும் அந்நியர்கள்; படிவம்தான் அவர்களைக் குடும்பமாக்குகிறது. 'பொய்க் குடும்பம்' என்ற கரு நகரத்து விமர்சகருக்குத் திரைக்கதை சாமர்த்தியமாகப் படலாம். பதிவு நாளில் ஆள்கணக்கு காட்டி வாழ்ந்தவருக்கு அதில் சாமர்த்தியம் எதுவும் தெரியாது.

ஆக, அந்தச் சண்டைக் காட்சியைப் பொய் என்று தள்ளுவதைவிட, யார் கேட்டு அது சொல்லப்பட்டது என்று பார்ப்பதே பயன் தரும். கல் வெட்டுவித்தவருக்கு அம்பு தைத்த உடம்பு வேண்டியிருந்தது. அதிகாரிக்குப் பாதிக்கப்பட்ட அப்பாவி வேண்டும். அரங்குக்கு எழுந்து அடிக்கும் ஆள் வேண்டும். சாயம் தோய்ந்த கையோடு கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும் பராமரிப்புக்காரனை மூவரில் ஒருவரும் கேட்கவில்லை. படத்தின் நடுப்பகுதி முழுக்க அவனோடுதான் இருக்கிறது. அதுதான் அதன் பலம். கடைசியில் அவனைக் கைவிட்டதுதான் குறை.

கைவிட்ட இடத்தையும் படமே காட்டிக்கொடுக்கிறது. புகை மாடிப்படியிலிருந்து ஒரே வெட்டில் இங்கிலாந்து வந்துவிடுகிறது: வீட்டுக்குப் பின்னால் வெயில், நண்பர்கள், கைக்குழந்தை, அவன் தலைமுடியைக் கோதும் யாழினியின் கை. கனவு என்பார் சிலர், உண்மை என்பார் சிலர். இத்தனை பேரைக் கொன்றவன் அந்த நாட்டுக்குள் எப்படி நுழைந்தான், எந்த மேசைக்கு முன் உட்கார்ந்து என்ன கதை சொன்னான், பக்கத்தில் மொழிபெயர்க்க யார் இருந்தார் என்பதற்கு ஒரு காட்சிகூட இல்லை.